எல்-14 எடுத்த மண்

அத்தியாயம் 17

ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஒரே வாரத்தில் கடிதம் வந்ததும், தவமணிதேவி ஆய்வுகூடக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே அழுததும் உங்களுக்கு நினைவிருக்கும். சந்தோஷத்தில் அழுகிறார் என்றுதான் உதவியாளர் டொறீன் எடுத்துக்கொண்டாள். பாதி அப்படித்தான்.

அந்த இரண்டு நாட்டுச் சேமிப்பகங்களும் தவமணி அனுப்பிய மண் பற்றீரியாவை வளர்த்துப் பார்த்து, கலப்பில்லாதது என்று ஏற்று, ஆளுக்கோர் இலக்கம் கொடுத்துவிட்டன. பேராதனைச் சிநேகிதி ஒருத்தி மூலம் செய்வித்த மரபணுப் பரிசோதனையும் வந்துவிட்டது. இதுவரை பெயர் வைக்கப்பட்ட எந்தப் பற்றீரியாவோடும் அது நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேல் ஒத்துப்போகவில்லை. அவ்வளவு விலகி நின்றால் அது வேறு இனம். மிளகுக் கொடியின் அடியை அழுகவைக்கும் பூஞ்சணத்தை அண்டவிடாத இனம். மிளகுக் கொடி இல்லாத வீட்டு வளவு மாத்தளையில் எங்கே இருக்கிறது?

இனி அதற்கொரு பெயர் வைத்து, விஞ்ஞானச் சஞ்சிகையில் விபரத்தை அச்சேற்றுவதுதான் பாக்கி.

புதன்கிழமை காலை டொறீன் சஞ்சிகையிலிருந்து வந்த மின்னஞ்சலை அச்சடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உக்குவளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கிண்ணம் கழுவ வந்தவள், இன்றைக்கு நுணுக்குக்காட்டியில் அவள் பார்த்துச் சொன்னால் தவமணி மறுமுறை பார்ப்பதில்லை.

"மூணு கேள்வி கேட்டிருக்காங்க மேடம். ரெண்டு லேசு, பதில் எழுதி வச்சிட்டேன். மூணாவதுதான் புரியல."

மூன்றாவது கேள்வி இது: மூல வளர்ப்பு எந்த இடத்து மண்ணிலிருந்து, எவ்வளவு ஆழத்தில், எப்படிப்பட்ட நிலத்தில் எடுக்கப்பட்டது? 'மாத்தளை மாவட்டம்' என்று மட்டும் எழுதியிருப்பது போதாது. பதில் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

டொறீன் பழைய கண்ணாடிக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் ஒரு பிடி உலர்ந்த மண். பதினெட்டு வருடமாக அந்த மண்ணுக்குள்தான் பற்றீரியா வித்தாக உறங்கிக் கிடந்தது. மங்கிப்போன சீட்டில் மூன்றே விபரம்: எல்-14. 12.5.85. வை.இ.

"எல்-ன்னா லக்கல தானுங்களே? லக்கலன்னு எழுதிட்டா முடிஞ்சிருச்சு."

"லக்கலயில காடும் இருக்கு, வயலும் இருக்கு, காடு வெட்டி விதைக்கிற சேனையும் இருக்கு. எதை எண்டு எழுதுறது?"

"அப்ப மண்ணெடுத்தவருகிட்டயே கேட்டுடலாமே. வை.இ. யாருங்க?"

தவமணி குழாயை வாங்கி அதன் தட்டில் திரும்ப வைத்தாள்.

"என்ர தம்பி. வைத்திலிங்கம் இராசலிங்கம்."

டொறீனுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. "ஸமத் நானா கடையில மிளகு சலிக்கிற லிங்கம் அண்ணனா? அவரா?"

"அவன்தான்."

"அவரு படிச்சவருன்னே எங்களுக்குத் தெரியாதுங்க மேடம்."

தெரிந்திருக்க வழியில்லை. எண்பத்தைந்தில் அவன் பேராதனையில் விஞ்ஞான பீட மாணவன், வயது இருபத்துமூன்று. விடுமுறைக்கு வந்தால் அக்காவின் ஆய்வுகூடத்திலேயே கிடப்பான். பஸ் ஏறி லக்கல வரை போய்ப் பையில் மண் கட்டிக்கொண்டு வருவான். இந்தப் பற்றீரியாவை முதலில் கண்டதும் அவன்தான். கிண்ணத்தில் ஒரு கொலனியைச் சுற்றிப் பூஞ்சணம் விலகி நிற்கிறது, வந்து பாருங்கோ என்று கூப்பிட்டான். தவமணி எட்டிப் பார்த்துவிட்டு, "கை பட்டு வந்த அழுக்கு, எறி" என்றாள். அவன் எறியவில்லை. ஒரு குழாய் மண்ணில் அதைக் கலந்து, சீட்டு ஒட்டி, தட்டின் பின்வரிசையில் ஒளித்து வைத்தான்.

மூன்று வாரம் கழித்து மறுபடி லக்கலக்குப் போனவனைப் பொலிஸ் வழிமறிப்பில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். கையில் குறிப்புப் புத்தகம் இருந்தது. அதில் எல்-3, எல்-9 என்று இலக்கங்கள். கையால் கீறிய வரைபடத்தில் சிவப்புப் புள்ளடிக் குறிகள். தமிழ்ப் பொடியனின் பையில் காட்டுப் பாதை வரைபடம்.

நாலு வருடமும் ஏழு மாதமும் தெற்கே ஒரு தடுப்பு முகாமில் இருந்தான். அந்தப் புத்தகம் திரும்பி வரவில்லை. வந்தவனும் போனவனாக வரவில்லை. பல்கலைக்கழகம் மீண்டும் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அவன் போகவில்லை. அக்காவின் வீட்டிலும் தங்கவில்லை. உக்குவளையில் அப்துல் ஸமத்தின் சரக்குக் கடைக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. அதோடு இருந்துவிட்டான்.

தவமணி வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். கணவர் ஆறுமுகநாதன் மாவட்டக் கச்சேரியில் பார்த்த அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம்.

"நான் உக்குவளைக்குப் போயிட்டு வாறன். சாப்பாட்டுக்குப் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம்."

"உக்குவளைக்கு ஏன்?"

சொன்னாள்.

"அதைப் போய் ஏன் அவனிட்டக் கிளறுறீர்? மனம் ஆறிப் போயிருக்கிறான். ஏதாவது ஒரு இடத்தை எழுதிவிடும். ஜெர்மன்காரன் வந்து தோண்டிப் பாக்கப் போறானோ?"

"பிழையான இடத்தை எழுதேலாது."

"நான் சொல்லிப் போட்டன். போகவேண்டாம்."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

ஸமத் நானாவின் கடை கண்டி வீதியில், புகையிரதக் கடவைக்கு அருகில். வாசலிலேயே கராம்பு மணம் மூக்கில் ஏறும். நானா கல்லாவை விட்டு எழுந்தார்.

"வாங்க டொக்டர். லிங்கம் உள்ளுக்குத்தான் ஈக்கிறாரு. ஏதும் கரச்சலா?"

"இல்லை நானா. ஒரு விசயம் கேக்க வேணும்."

"போங்க, போங்க. பிளேன்ரீ அனுப்புறேன்."

இராசலிங்கம் பின்கட்டில் சாக்கின் மேல் உட்கார்ந்து மிளகு சலித்துக்கொண்டிருந்தான். நாற்பத்தொரு வயதுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அக்காவைக் கண்டதும் அருகிலிருந்த முக்காலியைக் காலால் நகர்த்திவிட்டான். சல்லடையை நிறுத்தவில்லை.

"மகள் சுகமோ அக்கா?"

"சுகம். சோதினை முடிஞ்சு வருவாள்."

எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் அவள் கொலனியின் புகைப்படம் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவன் சாரத்தில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு வாங்கினான். பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ஓரம் இப்பவும் மஞ்சளாத்தான் வருகுதோ?"

"மூண்டாம் நாள் மஞ்சளாகும். அஞ்சாம் நாள் பூஞ்சணம் பின்வாங்கும்."

"நீங்கள் எறியச் சொன்னனீங்கள்."

குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே சிரித்தான். அவன் சிரித்து அவள் பார்த்து எத்தனை காலம்.

"புது இனம் தம்பி. உறுதியாயிட்டுது. நீ எடுத்த இடத்தைக் கேக்கிறாங்கள். ஆய்வுகூடப் பதிவேட்டில இலக்கம் மட்டும்தான் இருக்கு. எனக்குத் தெரியாது."

சிரிப்பு போய்விட்டது. அவன் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சல்லடையை எடுத்தான். ஒரு சாக்கின் கால்வாசி சலித்து முடித்தான். தேத்தண்ணீர் வந்து ஆறியது. எழுந்து போய்விடலாமா என்று அவள் நினைத்த நேரத்தில் அவன் குரல் வந்தது.

"இலுக்கும்புர தாண்டி பஸ் நிக்கிற இடத்தில இறங்கினனான். அங்கயிருந்து ரெண்டு மைல் நடை. ஒரு சேனை. முதல்நாள் யானை வந்து குரக்கன் பயிரை மிதிச்சு, காவல் பரணையும் சாய்ச்சுப் போட்டுது. அந்த மனிசன் புதுசாப் பரண் கட்ட நாலு குழி தோண்டி வச்சிருந்தார். மழையே இல்லாத மாசம். ஆனா ஒரு குழியில மட்டும் மண் ஈரம். கறுப்பு மண். எட்டங்குலம். அதுதான் பதினாலு."

"சேனைக்காரரின்ர பேர்?"

"கேக்கேல்லை. பாதிச் சோளப்பொத்தி தந்தவர். நான் மண்ணை ஏன் அள்ளுறன் எண்டு அவருக்கு விளங்கேல்லை. சிங்களத்தில சொல்லிப் பாத்தன். மண்ணுக்குள்ள உயிர் இருக்கு எண்டன். அது தெரிஞ்ச விசயம்தானே எண்டார்."

தவமணி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். பாதையை அவளுக்கு விளங்கிக்கொள்ள முடியவில்லை. அவன் அதைக் கண்டு, சாமான் சுற்றும் பழுப்புத் தாளொன்றைக் கிழித்து, பேனாவைக் கேட்டு வாங்கினான். வீதி, பாலம், ஓடை என்று கோடு இழுத்தான். சேனை வந்த இடத்தில் பேனா நின்றது. பிறகு ஒரு சின்னப் புள்ளடி போட்டான்.

"மடிச்சுப் பைக்குள்ள அடியில வையுங்கோ."

"இப்ப சோதனை ஒண்டும் இல்லையே தம்பி. சண்டை நிண்டு ஒண்டரை வருசமாகுது."

"இல்லாட்டிலும் அடியில வையுங்கோ."

வைத்தாள். மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் வந்த காரியம் அதோடு முடிந்தது என்று எழுந்திருக்கலாம். எழவில்லை.

"அதுக்கு உன்ர பேரை வைக்க யோசிச்சிருக்கிறன். லிங்கத்தின்ர பேர், கடைசியில லத்தீன் வால் ஒண்டோட. கட்டுரையிலயும் உன்ர பேர்தான் முதல்."

"வேண்டாம்."

"கண்டுபிடிச்சது நீ."

"என்ர பேர் எழுதின கடதாசியள் போதும் அக்கா. ஒரு முகாமில ஒரு அலுமாரி நிறையக் கிடக்குது. அந்த ஊரின்ர பேரை வையுங்கோ. பரண்காரரின்ர பேர் தெரிஞ்சா அதை வையுங்கோ."

பதினெட்டு வருடம் வாய்வரை வந்து வந்து திரும்பிப் போன வார்த்தை அப்போது அவளிடமிருந்து விழுந்துவிட்டது.

"உன்னைப் பிடிச்ச கிழமை, ஆய்வுகூடத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டர் ஃபோன் எடுத்தவர். இந்தப் புத்தகம் உங்கட வேலையோட சம்பந்தப்பட்டதெண்டால் திங்கக்கிழமை பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டுங்கோ, பொடியனை விடுறன் எண்டவர். நான் வரேல்லை தம்பி."

"தெரியும்."

"தெரியுமோ?"

"திங்கக்கிழமை முழுக்க வாசலைப் பாத்துக்கொண்டிருந்தனான். சின்னப் பிள்ளையோட நீங்கள். எண்பத்துமூண்டு கலவரம் முடிஞ்சு ரெண்டு வருசம். பயம் எண்டு விளங்கினது. வராததைப் பற்றி நான் ஒருநாளும் கோவிக்கேல்லை."

அவன் சல்லடையின் ஓரத்தில் சிக்கிய காம்பொன்றைப் பிடுங்கினான்.

"எழுதிக் குடுத்திருக்கத் தேவையில்லை. அவ்வளவுதான்."

"என்ன எழுதி?"

"செவ்வாய்க்கிழமை காட்டினவங்கள். இங்கிலீஸில ரைப் அடிச்ச கடிதம். இந்தப் புத்தகத்துக்கும் என்ர வேலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை, தம்பி ஆரோட திரியிறான் எண்டு எனக்குத் தெரியாது. கீழ உங்கட கையெழுத்து. மிஸிஸ் ரீ. ஆறுமுகநாதன்."

தவமணி வாயைத் திறந்தாள். 'நான் எழுதேல்லை' என்ற இரண்டு சொல் நாக்கில் நின்றது.

அவள் ஒருநாளும் அந்தப் பெயரில் கையெழுத்து வைத்ததில்லை. பட்டம் வாங்கியது வை. தவமணிதேவி. சம்பளப் பத்திரத்திலும், அடையாள அட்டையிலும், மகளின் பள்ளிக்கூடப் படிவத்திலும் வை. தவமணிதேவிதான். கலியாணமான புதிதில் அதற்காக வீட்டில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. மிஸிஸ் ஆறுமுகநாதன் என்று அவளை எழுதுகிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான்.

அதே மனிதர்தான் தொண்ணூறில் இந்தத் தம்பியை வெளியே எடுக்கக் கொழும்புக்கும் மாத்தளைக்கும் ஓடித் திரிந்தவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் வேட்டி வாங்கிக்கொண்டு இந்தக் கடைக்கு வருபவர். 'அத்தான்' என்று இவன் மனம்விட்டுப் பேசும் ஒரே ஆள்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். தம்பி அந்த மௌனத்தை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டான். அது அவன் முகத்தில் தெரிந்தது. பழகிப்போன ஒரு வலி மறுபடி தன் இடத்தில் போய் உட்கார்ந்த மாதிரி.

"பரவாயில்லை அக்கா. தேத்தண்ணியைக் குடியுங்கோ."

அவள் ஆறிப்போன தேத்தண்ணீரைக் கடைசி மிடறு வரை குடித்தாள்.

ஆய்வுகூடத்துக்குத் திரும்பியும் ஒரு வேலையும் ஓடவில்லை. டொறீன் இரண்டுமுறை ஏதோ கேட்டாள். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தபோது ஆறுமுகநாதன் முன்னறையில் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகை பார்த்தபடி இருந்தார்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் கேட்டாள். "எண்பத்தைஞ்சில, செவ்வாய்க்கிழமை, பொலிசுக்கு என்ர பேரில கடிதம் குடுத்தனீங்களோ?"

அவர் பத்திரிகையை மடித்தார். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு. "அவன் சொன்னவனோ?"

"நீங்கள் எண்டு அவனுக்குத் தெரியாது. நான் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கிறான்."

"வீட்டைச் சோதிக்கப் போறம், உம்மையும் விசாரிக்கக் கொண்டு போவம் எண்டு கச்சேரிக்கு ஆள் விட்டவங்கள். பிள்ளைக்கு எட்டு மாசம். ஒரு கடிதத்தோட எங்களை விட்டிடுவாங்கள், அவனையும் ரெண்டு கிழமையில விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சன். நாலரை வருசம் வைப்பாங்கள் எண்டு நான் கண்டனோ?"

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா விட்டிருக்கமாட்டீர்."

"விட்டிருக்கமாட்டன். நானே போய் உண்மையைச் சொல்லியிருப்பன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"திங்கக்கிழமை விடிய நீர் சாரி உடுத்து, பதிவேட்டை மடியில வச்சுக்கொண்டு அந்தக் கதிரையில இருந்தனீர். பின்னேரம் ஆறு மணி மட்டும் இருந்தனீர். போகவேண்டாம் எண்டு நான் சொன்னது உண்மை. ஆனா தவம், நான் கதவைப் பூட்டேல்லை."

அன்றைக்கு மடியில் இருந்த பதிவேட்டின் கனம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கதவு எப்படி இருந்ததென்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"அவனுக்குச் சொல்லப் போறீரோ?" என்று கேட்டார் ஆறுமுகநாதன். குரல் தணிந்திருந்தது. "என்னிலயும் வெறுத்திட்டான் எண்டால் அவனுக்கு ஒருத்தரும் இல்லை. அதையும் யோசியும்."

தொலைபேசி அடித்தது. அவள்தான் எடுத்தாள்.

"டொக்டர், நான் ஸமத். லிங்கம் ஒங்கட வீட்டுக்கு வந்தாரா?"

"இல்லையே. ஏன்?"

"நீங்க போய்க் கொஞ்ச நேரத்துல, ஒரு மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போனாரு. லக்கல பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டாரு. பதிமூணு வருஷத்துல அந்த மனுஷன் உக்குவளையைத் தாண்டிப் போனதில்ல. அந்தப் பக்கம் யானை வேற எறங்குதாம். எனக்கு மனசு சரியில்ல டொக்டர்."

அவள் மணியைப் பார்த்தாள். ஐந்தேகால். பகல் பஸ் போய்ச் சேர்ந்திருக்கும். திரும்பி வர நாளைக் காலை வரை பஸ் இல்லை.

டொறீனுக்குத் தொலைபேசி எடுத்தாள். டொறீனின் கணவன் கிறிஸ்தோபர் வாடகை வான் ஓட்டுபவன். வேறொன்றும் கேட்காமல், "பத்து நிமிசத்துல வாசல்ல நிப்பாருங்க மேடம். நானும் வாறேன்" என்றாள் டொறீன்.

ஆறுமுகநாதன் எழுந்து சட்டையைத் தேடினார். "நானும் வாறன்."

"நீங்கள் இருங்கோ."

"இருட்டப் போகுது தவம்."

"தெரியும்."

பழுப்புத் தாள் கைப்பையின் அடியில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். வான் தெருமுனையில் திரும்புவது தெரிந்தது. ரத்தோட்டை தாண்டி, மலையேறி இறங்கி, அந்தச் சேனையைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரமாவது ஆகும். தம்பியைக் கண்டதும் எதை முதலில் சொல்வதென்று அதற்குள் அவள் முடிவெடுத்தாக வேண்டும்: அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை என்பதையா, யாரும் எழுதாமல் இருந்திருந்தாலும் நான் வந்திருக்கமாட்டேன் என்பதையா.